ஒரே குருவானவர், பல கோயில்கள்: இங்கிலாந்துத் திருச்சபையில் பக்கத்து பாரிஷ்களை இணைப்பது எப்படி

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு விக்கர் (ஊர்க் கோயிலின் குருவானவர்) ஓய்வுபெற்றால், அவர் இடத்துக்கு இன்னொருவர் தனியாக வருவார் என்று இப்போது பெரும்பாலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. பக்கத்து பாரிஷின் (பக்கத்து ஊர்ச் சபையின்) குருவானவர் பொறுப்பில் அந்தக் கோயிலும் சேர்கிறது. சில ஆண்டுகளில் மூன்றாவதும் நான்காவதும் சேர்கின்றன. ஆறேழு கோயில்களை ஒருவரே பார்த்துக்கொள்ளும் இடங்கள் பல உண்டு. முறையாகத் திட்டமிட்டால் சிறிய சபையும் பிழைக்கும், குருவானவரின் உடம்பும் மனசும் பிழைக்கும். அவசரத்தில் செய்தால் இரண்டு வருடத்துக்குள் அவர் நோயில் விழுவார், அல்லது வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். சபைகளோ ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டு நிற்கும்.

சர்ச் வார்டனாகவோ (சபையார் தேர்ந்தெடுக்கும் கோயில் பொறுப்பாளர்) பாரிஷ் கவுன்சில் (பி.சி.சி.) உறுப்பினராகவோ இருந்து இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதியது இது. சொல்வதெல்லாம் இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டப்படி. வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபைகளுக்குத் தனித்தனி விதிகள் உள்ளன.

முதலில் ஞாயிற்றுக்கிழமையைக் கணக்குப் பாருங்கள்

எல்லோரும் சட்டத்தில் தொடங்குகிறார்கள். அது தவறான முனை. ஒரு மனிதர் ஒரு ஞாயிறு காலையில் எத்தனை ஆராதனை நடத்த முடியும் என்பதில் தொடங்குங்கள். எந்தக் கோயில்களைச் சேர்க்கலாம், எந்த வகையில் சேர்க்கலாம் என்ற கேள்விகளுக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

திருவிருந்து ஆராதனை ஒரு மணி நேரம். முடிந்ததும் வாசலில் நின்று கைகொடுத்துப் பேச பத்து நிமிடம். அதைக் குறைக்கவே கூடாது: வாரம் முழுவதும் யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யார் வீட்டில் துக்கம் என்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியவரும். 9.15க்குத் தொடங்கினால் 10.25க்குக் காரில் ஏறலாம். எட்டு மைல் கிராமச் சாலைக்கு இருபது நிமிடம். டிராக்டர் முன்னால் போனால் இன்னும் கூடும். 10.45க்கு அடுத்த கோயில், 11.00க்கு ஆராதனை. காலையில் இரண்டு, அதுவே எல்லை. மூன்றாவதை நுழைத்தால் முதல் ஆராதனையின் கடைசிப் பாட்டிலேயே குருவானவர் கடிகாரம் பார்க்கத் தொடங்குவார். சபையாரும் அதைக் கவனிப்பார்கள். இரண்டு கோயில்களுக்கு இடையே பயணம் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் என்றால் அவை ஒரே காலையில் சேராது. வரைபடத்தில் பக்கமாகத் தெரிவதை நம்பாமல், குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு நதி ஓடி, பாலம் தூரத்தில் இருந்தால் பக்கத்து ஊரும் தூரத்து ஊர்தான்.

நான்கு கோயில்கள் என்று வைத்துக்கொள்வோம். வடக்கு, தெற்குக் கோயில்களில் எப்போதும் 9.15, கிழக்கு, மேற்குக் கோயில்களில் எப்போதும் 11.00. குருவானவரின் சுற்று இப்படி அமையலாம்:

முதல் ஞாயிறு: வடக்கு, பிறகு கிழக்கு
இரண்டாம் ஞாயிறு: தெற்கு, பிறகு மேற்கு
மூன்றாம் ஞாயிறு: வடக்கு, பிறகு மேற்கு
நான்காம் ஞாயிறு: தெற்கு, பிறகு கிழக்கு

ஒவ்வொரு கோயிலுக்கும் மாதம் இருமுறை குருவானவர் வருவார். ஐந்தாம் ஞாயிறு வந்தால் 10.30க்கு எல்லோரும் ஒரே கோயிலில் கூடும் கூட்டு ஆராதனை, சுழற்சி முறையில். இதில் மாற்றவே கூடாதது நேரம். "முதல் வாரம் 9.30, இரண்டாம் வாரம் 11.00, மூன்றாம் வாரம் மாலை ஆறு" என்று ஒரே கோயிலின் நேரத்தை மாற்றிக்கொண்டே போனால் வருகை சரியும். வராமல் போகிறவர்கள் கோபித்துக்கொண்டு போவதில்லை, நேரம் நினைவில் நிற்காமல் போகிறார்கள். நேரம் ஊருக்குச் சொந்தமாக இருக்கட்டும், நடத்துகிறவர் மாறட்டும்.

குருவானவர் வராத ஞாயிறுகளில் யார் நடத்துவது? உரிமம் பெற்ற ரீடர்கள் (பயிற்சி பெற்ற, குருப்பட்டம் இல்லாத ஊழியர்கள்) காலை ஜெபமும் மாலை ஜெபமும் நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம்; திருவிருந்தில் அப்பத்தையும் திராட்சரசத்தையும் அர்ச்சிப்பது அவர்களால் முடியாது. ஓய்வுபெற்ற குருமார் ஆராதனை நடத்தப் பேராயரின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதோடு சிறுவர், பலவீனர் பாதுகாப்புப் பயிற்சி, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு இரண்டும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே அர்ச்சித்த அப்பரசத்தை இன்னொரு கோயிலுக்கு எடுத்துச்சென்று ரீடர் பரிமாறும் முறையும் உண்டு, ஆனால் பேராயரின் தனி அனுமதி இல்லாமல் அதைத் தொடங்க வேண்டாம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. அங்கே ஆங்கிலிக்கன் மிஷன் காலத்திலிருந்தே ஒரு சேகரத்தில் பல ஊர்ச் சபைகள், ஒரு சேகர குரு, ஊர்தோறும் உபதேசியார். குருவானவர் வராத ஞாயிறும் முழு ஞாயிறே என்று அந்தச் சபைகளுக்குத் தெரியும். இங்கிலாந்தில் ஒரு கோயிலுக்கு ஒரு விக்கர் என்று பழகிய ஊர்களில், இந்தப் பழக்கத்தை விதைப்பதுதான் மொத்த இணைப்பிலும் கடினமான வேலை. இணைப்பு ஆணை வரும்வரை காத்திராமல், ரீடர் நடத்தும் ஆராதனையை ஒரு வருடம் முன்பே மாதம் ஒரு முறையாவது தொடங்கிவிடுங்கள்.

விதி சார்ந்த ஒரு பயம் இன்னும் பலரிடம் உள்ளது: ஒவ்வொரு பாரிஷ் கோயிலிலும் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை நடந்தே ஆகவேண்டும் என்று. அந்தக் கட்டாயம் 2019இல் நீங்கியது. இப்போது ஒரு பெனிஃபிஸில் (ஒரு விக்கரின் பதவிப் பொறுப்பில்) குறைந்தது ஒரு கோயிலில் நடந்தால் போதும். ஆகவே சட்டத்துக்குப் பயந்து யாரும் மூன்றாவது ஆராதனையைத் திணிக்க வேண்டியதில்லை.

பண்டிகை நாட்கள் தனிக் கணக்கு

நவம்பரில் போர் நினைவு ஞாயிறன்று காலை பதினொரு மணிக்கு எல்லா ஊர் நினைவுத் தூண்களிலும் ஒரே நேரத்தில் இரண்டு நிமிட மௌனம். ஒருவர் நான்கு இடங்களில் நிற்க முடியாது. ஊர்க்காரர்கள் வருடம் முழுவதும் கோயிலுக்கு வராவிட்டாலும் அன்று வருவார்கள். குருவானவர் இல்லையென்றால் பல ஆண்டுகள் பேசுவார்கள். எந்த ஆண்டில் எந்த ஊர் என்ற சுழற்சியை நான்கு ஆண்டுகளுக்கு எழுதி, ஊர்க் கவுன்சில்களுக்கும் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கும் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். மற்ற ஊர்களில் ரீடரோ வார்டனோ நடத்தலாம். இந்த ஆராதனைக்குக் குருப்பட்டம் தேவையில்லை.

கிறிஸ்துமஸ் முந்தின நாள் அப்படியல்ல, அதைப் பிரித்துவிடலாம்: மூன்று மணிக்கு ஓர் ஊரில் குழந்தைகளின் குடில் ஆராதனை, ஐந்தரைக்கு இன்னோர் ஊரில், இரவு பதினொன்றரைக்கு ஒரே ஒரு கோயிலில் நள்ளிரவுத் திருவிருந்து, மறுநாள் காலை பத்துக்கு நான்காவது கோயிலில். இதற்கு மேல் எதுவும் சேர்க்காதீர்கள். அறுப்பின் பண்டிகைக்குத் தேதி கட்டாயம் எதுவும் இல்லாததால் செப்டம்பர், அக்டோபரில் வாரத்துக்கு ஓர் ஊராக வைத்துக்கொள்வது எளிது.

எந்த வகை இணைப்பு

இங்கே இரண்டு சொற்களைக் குழப்பிக்கொண்டால் பின்னால் எல்லாம் குழம்பும். பாரிஷ் என்பது எல்லை வகுத்த நிலப்பரப்பும் அதன் மக்களும். பெனிஃபிஸ் என்பது அந்த மக்களின் ஆன்மப் பொறுப்பை ஏற்கும் விக்கர் அல்லது ரெக்டரின் பதவி. பதவியை இணைத்துவிட்டு பாரிஷ்களை அப்படியே விடலாம். இரண்டையும் இணைக்கலாம். எதையும் இணைக்காமலும் ஒருவரை நியமிக்கலாம்.

மிக லேசானது பன்மைப் பொறுப்பு: இரண்டு பெனிஃபிஸும் தனித்தனியாகவே இருக்கும், ஒருவரே இரண்டையும் வகிப்பார். பிரிப்பதும் எளிது. ஒருகாலத்தில் பல பதவிகளின் வருமானத்தை ஒருவரே வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கமே வராத குருமார் நிறைந்திருந்ததால், 1838ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டுக்கு மேல் கூடாது, அவையும் பத்து மைலுக்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. அன்று பேராசையால் நடந்தது, இன்று ஆள் பற்றாக்குறையாலும் பணப் பற்றாக்குறையாலும் நடக்கிறது. ஆனாலும் மக்களிடம் பழைய சந்தேகம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அடுத்தது பெனிஃபிஸ் இணைப்பு. ஒரே பதவி, ஒரே குருமனை. ஆனால் ஒவ்வொரு பாரிஷுக்கும் தன் பி.சி.சி., தன் வார்டன்கள், தன் கணக்கு. கிராமங்களில் அதிகம் நடப்பது இதுதான். மூன்றாவது, பாரிஷ் இணைப்பு: பழைய பாரிஷ்கள் கலைந்து ஒரே பாரிஷ், ஒரே பி.சி.சி. லிவர்பூல் திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள பகுதி) விகன் பகுதியின் 29 பாரிஷ்கள் ஏழாகச் சேர்ந்தது இந்த வகை. இவை தவிர டீம் மினிஸ்ட்ரி உண்டு: ஒரு டீம் ரெக்டர், அவரோடு டீம் விக்கர்கள். ஒரே ஒரு குருவானவருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும் என்றால் அந்த ஏற்பாட்டுக்குப் பொருளில்லை. பேருக்கு டீம் என்று வைத்துவிட்டு விக்கர் இடங்களை நிரப்பாமலே விட்ட இடங்களில் மக்களுக்குக் கசப்புதான் மிஞ்சியிருக்கிறது.

எங்கள் கருத்து: முதலில் பெனிஃபிஸை மட்டும் இணையுங்கள். பாரிஷ் இணைப்பு, சபைகள் ஐந்தாறு ஆண்டுகள் ஒன்றாக உழைத்த பிறகு, அவையே கேட்டால் வரட்டும். தன் பெயர், தன் பணம், தன் பி.சி.சி. என்று மூன்றையும் ஒரே நாளில் இழக்கும் சிறு சபை, கொடுப்பதையும் நிறுத்திவிடும்.

ஆனால் பெனிஃபிஸை மட்டும் இணைத்தால் கூட்டங்களின் எண்ணிக்கை குறையாது. நான்கு பாரிஷ், ஆண்டுக்கு ஆறு கூட்டம் என்றால் 24 மாலைகள். அதோடு நான்கு ஆண்டுப் பொதுக்கூட்டங்கள், எல்லாம் மே 31க்குள். குருவானவரை நொறுக்குவது ஞாயிறுகளைவிட இந்த மாலைகள்தான். இதற்கு மருந்து கூட்டு கவுன்சில். 2020 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள திருச்சபைப் பிரதிநிதித்துவ விதிகள், தொடர்புள்ள பாரிஷ்கள் சேர்ந்து கூட்டு கவுன்சில் அமைக்க வழி செய்கின்றன. அது பி.சி.சி.களோடு கூடவே இருக்கலாம், அவற்றுக்குப் பதிலாகவும் இருக்கலாம். எந்தெந்த வேலை கூட்டுக் கவுன்சிலுக்கு என்று எழுத்தில் பிரியுங்கள்: ஆராதனை அட்டவணை, குருவானவரின் செலவு, அலுவலகம், பாதுகாப்புக் கொள்கை ஆகியவை அங்கே; கட்டடம், கல்லறைத் தோட்டம், சொந்த நிதி ஊரிலே. எழுதாவிட்டால் ஒரே பொருளை ஐந்து கூட்டங்களில் பேசவேண்டிவரும். பி.சி.சி.களைக் கலைக்க மனமில்லாத இடத்தில், ஒரே மாலையில் ஒரே மண்டபத்தில் நான்கையும் கூட்டி, பொதுவானதைச் சேர்ந்து பேசிவிட்டு அரை மணி நேரம் மூலைக்கொன்றாகப் பிரிந்து உட்காருவது நன்றாகவே நடக்கிறது.

காலியிடமும் சட்டப் பாதையும்

இணைப்புக்குச் சரியான நேரம் பதவி காலியாக இருக்கும்போது. பதவியில் இருக்கும் விக்கரை இணைப்பின் பேரில் இறக்கினால் அவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு, மனக்காயமும் ஆறாது. காலியானதும் பேராயர் நியமனத்தை நிறுத்திவைக்கலாம், ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டுகள்வரை. அதற்குமுன் புரவலர்களையும் (புதிய குருவானவரை முன்மொழியும் உரிமை உள்ளவர்கள்) பி.சி.சி.யையும் டீனரித் தலைவர்களையும் (டீனரி என்பது பக்கத்து பாரிஷ்களின் தொகுதி) கலந்துபேசி, திருமண்டலத்தின் மிஷன் பாஸ்டரல் குழுவின் சம்மதத்தையும் பெற வேண்டும். இந்தக் காலத்தில் வருபவர் பொறுப்புக் குருவானவர். சோதித்துப் பார்க்க இது நல்ல அவகாசம். ஆனால் நிறுத்திவைப்பைப் புதுப்பித்துக்கொண்டே பத்துப் பதினைந்து ஆண்டுகள் இழுப்பது சபையையும் குருவானவரையும் அந்தரத்தில் விடுவது. கலந்துபேசும் கடிதம் வந்ததுமே, எந்தத் தேதிக்குள் முடிவான திட்டம் வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

நடப்பிலுள்ள சட்டம் 2011ஆம் ஆண்டின் மிஷன் அண்ட் பாஸ்டரல் மெஷர். பாதை இப்படிப் போகும். டீனரியில் பேச்சு உருவாகி, ஆர்ச்டீக்கன் (பேராயருக்கு நிர்வாகத்தில் உதவும் மூத்த குரு) அதை மிஷன் பாஸ்டரல் குழுவிடம் கொண்டுபோவார். குழு, சட்டம் சொல்லும் சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்கும்: பதவியிலிருக்கும் குருமார், புரவலர்கள், பி.சி.சி.கள், ஆர்ச்டீக்கன், ஏரியா டீன் (டீனரியின் தலைமைக் குரு) முதலியோர். உங்கள் பி.சி.சி.யின் பதில் தீர்மானமாக, வாக்கு எண்ணிக்கையோடு போகட்டும். "எங்களுக்கு இஷ்டமில்லை" என்ற ஒரு வரியைவிட, "இரண்டும் சேரலாம், மூன்றாவது நதிக்கு அப்பால் இருப்பதால் அந்தப் பக்கத்து டீனரியோடு சேர்வதே நல்லது" என்ற பதிலுக்குப் பல மடங்கு எடை உண்டு. மாற்று சொல்ல வேண்டிய நேரம் இதுதான். பிறகு சொன்னால் எதிர்ப்பாகத்தான் படும்.

பேராயர் ஒப்புக்கொண்டால், சர்ச் கமிஷனர்கள் (திருச்சபையின் தேசிய நிர்வாக அமைப்பு) வரைவுத் திட்டத்தை வெளியிடுவார்கள். அறிவிப்பு கோயில் கதவில் ஒட்டப்படும். குறைந்தது 28 நாள் அவகாசத்தில் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம், பாரிஷில் குடியிருந்து கோயிலுக்கு வராதவரும்கூட. ஆதரவுக் கடிதங்களையும் அனுப்பச் சொல்லுங்கள். ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. கோப்பில் எதிர்ப்பு மட்டுமே நிற்கும். எதிர்ப்பு வந்தால் கமிஷனர்களின் குழு பேராயரிடம் பதில் கேட்டு, தேவைப்பட்டால் வாய்மொழியாகவும் கேட்டு, காரணங்களோடு தீர்ப்புச் சொல்லும். அதற்கு மேல் அனுமதி பெற்றுப் பிரிவி கவுன்சிலின் நீதிக் குழுவிடம் மேல்முறையீடு. சிறிய மாற்றங்கள் பேராயரின் ஆணையிலேயே முடியும். எதிர்ப்பில்லாத திட்டத்துக்கே ஒரு வருடம் ஒதுக்குங்கள், எதிர்ப்பு இருந்தால் இரண்டு.

வரைவைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை

பெயர். எல்லா ஊர்ப் பெயரையும் அடுக்கினால் யாராலும் சொல்ல முடியாது. ஓர் ஊர்ப் பெயரை மட்டும் வைத்தால் மற்றவை விழுங்கப்பட்டதாக நினைக்கும். பள்ளத்தாக்கு, நதி, மலைத்தொடர் என்று எல்லோருக்கும் பொதுவான பெயர் தேடுங்கள்.

குருமனை. சண்டை முளைப்பது இங்கேதான். இணைந்த பெனிஃபிஸுக்கு ஒரே வீடு. மற்றவை திருமண்டலத்துக்குப் போய் விற்பனையாகும். பெரிய ஊரின் பழைய பங்களாவைவிட, எல்லாக் கோயில்களுக்கும் நடுவில் சாலை பிரியும் இடத்திலுள்ள சாதாரண வீடு மேல். குருவானவரின் துணைவர் வேலைக்குப் போகவும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும் வசதி உண்டா என்றும் பாருங்கள். இல்லையென்றால் விளம்பரத்துக்கு விண்ணப்பமே வராது.

புரவலர் உரிமை. ஒரு பாரிஷின் புரவலர் ஆக்ஸ்போர்டு கல்லூரியாக இருக்கலாம், இன்னொன்றுக்குப் பேராயர், மூன்றாவதுக்கு சிமியன் அறக்கட்டளை. எல்லோரும் சேர்ந்து நியமிப்பார்களா, முறை வைத்து நியமிப்பார்களா என்பதைத் திட்டம் சொல்லும். முறை வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு வழிபாட்டு மரபிலிருந்து இன்னொன்றுக்கு ஊசலாடும் ஆபத்து உண்டு. ஒரு சபை சாம்பிராணியும் பாடல் திருவிருந்துமாக இருந்து, அடுத்தது எளிய சுவிசேஷ மரபாக இருந்தால் கூட்டு நியமனமே பாதுகாப்பு.

பள்ளிகள். திருச்சபைப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் விக்கர் பதவி வழியாகவே உறுப்பினர். மூன்று பள்ளிகள் சேர்ந்தால் மூன்று குழுக்கள். ஆர்ச்டீக்கனிடம் பேசி இரண்டு பள்ளிகளுக்கு மாற்று உறுப்பினரை முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

கட்டடம் எதுவும் குறையாது என்பதையும் மறக்க வேண்டாம். எந்த வகை இணைப்பானாலும் ஒவ்வொரு கோயிலுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடக் கலைஞரின் ஆய்வு, காப்பீடு, சொத்துப் பதிவேடு, கூரையில் ஒரு கல் மாற்றவும் உரிய அனுமதி. பாரிஷ் ஒன்றாகி, பல கோயில்களும் பாரிஷ் கோயில்களாகத் தொடர்ந்தால் வார்டன்களும் கோயிலுக்கு இருவர்தான். இணைப்பால் பணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால், குருவானவரின் சம்பளமும் வீடும் தவிர வேறு எதில் மிச்சம் என்று கேளுங்கள்.

திருமணம், ஓலை, அடக்கம்

பெனிஃபிஸை மட்டும் இணைத்தால் பாரிஷ் எல்லை மாறாது. யாருக்கு எந்தக் கோயிலில் திருமண உரிமை என்பதும் மாறாது. திருமண ஓலையை (திருமண அறிவிப்பை) மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். ஆனால் மாதம் இரண்டு ஞாயிறு மட்டுமே ஆராதனை உள்ள கோயிலில் மூன்று ஓலைக்கு நான்கைந்து வாரம் ஆகும். இங்கேதான் திருமணங்கள் சிக்குகின்றன. ஓலை செல்லுபடியாகும் காலம் மூன்று மாதம் மட்டும் என்பதால், தேதி தவறினால் மீண்டும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பல பெனிஃபிஸ்களை ஒருவர் வகிக்கும் இடங்களில், ஒரு கோயிலுக்குரிய ஓலையை இன்னொன்றில் வாசிக்கவும் திருமணத்தை அங்கே நடத்தவும் பேராயர் எழுத்தில் வழிகாட்டலாம் என்று 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கடிதத்தைத் திருமண்டலப் பதிவாளரிடம் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கி ஓலைப் புத்தகத்தோடு வையுங்கள். ஜோடி வந்து நின்ற பிறகு கேட்டால் காலம் போதாது.

பாரிஷ்களையே இணைத்தால் கல்லறைத் தோட்டத்தில் ஒரு விளைவு உண்டு, பலர் கவனிப்பதில்லை. பாரிஷில் குடியிருப்பவருக்கு அந்த பாரிஷின் திறந்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்படும் உரிமை உள்ளது. ஒரே பாரிஷ் ஆனதும் ஊர் முழுவதன் உரிமையும் இடம் மிச்சமிருக்கும் ஒரே சிறு தோட்டத்தின் மேல் விழும். பெரிய ஊரின் தோட்டம் மூடப்பட்டிருந்து, சின்னக் கிராமத்தில் நாற்பது குழிக்கு இடம் இருந்தால், கிராமத்தாருக்கே இடமில்லாமல் போகும். இணைப்புக்கு முன் இடங்களை எண்ணி வரைபடம் போடுங்கள். முன்பதிவு கேட்பவர்களுக்குத் திருச்சபை நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பணம்

ஒவ்வொரு பி.சி.சி.யும் தனி அறக்கட்டளை. பெனிஃபிஸ் இணைப்பில் நிதிகள் கலக்காது, கலக்கவும் கூடாது. பொதுச் செலவுக்கு மட்டும் ஒரு பங்கீட்டு ஒப்பந்தம் வேண்டும்: குருவானவரின் பயணம், தொலைபேசி, அலுவலகம், வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மணி நேரம் வேலை செய்யும் நிர்வாகியின் சம்பளம். முழுக்கச் சமமாகப் பிரித்தால் பத்துப் பேர் வரும் கோயில் திணறும். முழுக்க வருகைப்படி பிரித்தால், எண்பது பேர் உள்ள கோயில் குருவானவரின் நேரம் தனக்கே சொந்தம் என்று நினைக்கும். பாதியைச் சமமாகவும் பாதியைச் சபையின் வாக்காளர் பட்டியல் எண்ணிக்கைப்படியும் பிரிப்பது நடைமுறையில் நிற்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று அதிலேயே எழுதுங்கள்.

பாரிஷ் இணைப்பில் வேலை அதிகம். ஆண்டு வருமானம் 1,00,000 பவுண்டைத் தாண்டும் பி.சி.சி. அறக்கட்டளை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். முப்பதாயிரம் வீதம் நான்கு பி.சி.சி. தனித்தனியாக இருந்தபோது இல்லாத கடமை, ஒன்றானதும் வந்துவிடும். கூரைக்கென்று, ஆர்கனுக்கென்று, குறிப்பிட்ட கோயிலுக்கென்று கொடுத்த பணம் இணைந்த பிறகும் அதே கோயிலுக்கே உரியது. இணையும் நாளுக்கு முன் ஒவ்வொரு பொருளாளரும் தன் நிதிகளை "பொது", "கட்டுப்பட்டது" என்று பிரித்து, மூலக் கடிதத்தின் நகலோடு பட்டியல் தர வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாமல் இணைந்த இடங்களில், பத்து வருடம் கழித்தும் யார் பணம் என்ற தகராறு ஓயவில்லை.

கிஃப்ட் எய்ட் (காணிக்கைக்கு அரசிடம் வரி திரும்பப் பெறும் திட்டம்) உறுதிமொழிகள் பழைய பி.சி.சி. பெயரில் இருக்கும். புதிய பெயரில் புதிய உறுதிமொழி வாங்கும் வேலையை ஆறு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். தட்டில் விழும் சில்லறைக் காணிக்கைக்கும் வரி திரும்பப் பெறும் திட்டம் உண்டு: ஒருவர் ஒருமுறை கொடுப்பது 30 பவுண்டுக்குள், ஆண்டுக்கு 8,000 பவுண்டு காணிக்கை வரை. இணைந்ததும் ஒரே 8,000தான் என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். கோயில் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்கலாம். பத்துப் பேராவது கூடும் ஆராதனை ஆண்டுக்கு ஆறு முறையாவது அங்கே நடந்திருக்க வேண்டும். சிறு கோயிலின் வருகைப் பதிவேட்டை ஒழுங்காக எழுதுவதற்கு இதுவே போதுமான காரணம்.

வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றம் மாதக்கணக்கில் இழுக்கும். பழைய கணக்குகளை உடனே மூடாமல் ஒரு வருடம் திறந்து வைத்திருங்கள், மாறாத நிலையாணைகள் (வங்கி வழியாகத் தானாக வரும் காணிக்கைகள்) அதில் வந்துகொண்டே இருக்கும்.

ஆட்கள்

குருவானவர் வருவதற்கு முன்பே ஒவ்வொரு கோயிலிலும் ஊரறிந்த ஒரு முகம் வேண்டும். சாவி யாரிடம், நோயாளியை யார் பார்க்கப் போவார், மரணச் செய்தி வந்தால் முதல் தொலைபேசி யாருக்கு என்று பெயரோடு எழுதி அறிவிப்புப் பலகையில் போடுங்கள். எல்லாக் கேள்விகளும் குருமனை எண்ணுக்கே போனால், அவர் தொலைபேசி எடுப்பவராகவே இருந்துவிடுவார். பாதுகாப்பு அலுவலர் ஒவ்வொரு பி.சி.சி.க்கும் கட்டாயம், ஒருவரையே நான்கு பி.சி.சி.யும் நியமிக்கலாம், ஆனால் நான்கு தீர்மானங்களும் தனித்தனியாக வேண்டும்.

குருவானவரின் ஓய்வுக்குச் சட்டமே காவல்: ஏழு நாளில் இடைவிடாத 24 மணி நேரம் ஓய்வு, ஆண்டுக்கு 36 நாள் விடுப்பு. அந்த ஓய்வு நாள் எது என்பதை எல்லா ஊர் அறிவிப்பு இதழ்களிலும் அச்சிடுங்கள். அன்று வரும் அழைப்பை எடுக்கும் வார்டனின் எண்ணையும் கூடவே போடுங்கள். வருடாந்திர விடுப்புக்கான ஞாயிறுகளுக்கு நடத்துநர்களை ஜனவரியிலேயே ஏற்பாடு செய்துவிட்டால், ஆகஸ்டில் வார்டன்கள் ஓடவேண்டியதில்லை.

புதிய அமைப்பில் முதல் ஆண்டு முடியும்போது மூன்று எண்களை எடுத்துப் பாருங்கள்: கோயில்வாரியாகச் சராசரி வருகை, குருவானவர் கழித்த கூட்ட மாலைகள், அவர் சென்ற வீட்டுச் சந்திப்புகள். முதலாவது ஒரு கோயிலில் மட்டும் விழுந்திருந்தால் அங்கே நேரமோ நடத்துநரோ சரியில்லை. அட்டவணையில் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எல்லாவற்றையும் கலைக்காதீர்கள். இரண்டாவது கூடி மூன்றாவது குறைந்திருந்தால் கூட்டு கவுன்சிலின் வேலைப் பட்டியலைத் திறந்து, பி.சி.சி.களிடம் இன்னும் எதை வாங்கிக்கொள்ளலாம் என்று அடுத்த கூட்டத்திலேயே முடிவுசெய்யுங்கள். திட்டத்தின் முத்திரையிட்ட நகல் ஒன்றை ஒவ்வொரு கோயிலின் வெஸ்டரியிலும் (குருவானவர் அங்கி மாற்றும் அறை) வையுங்கள். பழைய பி.சி.சி. பெயருக்கு எழுதிய உயில்கள் இன்னும் முப்பது வருடம் வந்துகொண்டிருக்கும், வழக்கறிஞர்கள் முதலில் கேட்பது அந்த நகலைத்தான்.